கணினிக்குள் படிந்த சாம்பிராணிப் புகை

இதை எழுதிவைக்க வேண்டியது ஏன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்து வலியசாலையில் நாங்கள் வாழ்ந்த தெருவின் வீடுகளைப் பற்றி நான் தொகுத்து அச்சிட்ட சிறுநூலில், உயிரோடிருந்த ஒரு பெண்ணை இறந்தவர் வரிசையில் சேர்த்துவிட்டேன். அந்நூலின் படிகள் தெருவில் வீட்டுக்கு ஒன்றாக இருக்கின்றன. சில, பிள்ளைகளோடு கடல் கடந்தும் போயிருக்கின்றன. பிழை நேர்ந்த விதத்தையும் அது தெரியவந்த விதத்தையும் முழுமையாக அறிந்தவன் நான் ஒருவனே. ஒரு கணினியின் உள்ளே படிந்திருந்த தூசியை அகற்றியதால்தான் அது தெரியவந்தது. கேட்பவர் நகைக்கலாம். எனக்கு அன்று நகைப்பு வரவில்லை, இன்றும் வருவதில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்தவன். மணவுறவால் திருவனந்தபுரம் வந்து, கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றேன். என் மனைவி அதே தெருவில் பிறந்து, அதே தெருவில் வாழ்ந்தவள். அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்து, தொண்ணூறுகளில் அங்குக் கணினி வந்தபோது முதலில் கற்றுக்கொண்டவர்களுள் ஒருத்தியாக இருந்து, பின்னர் ஓய்வு பெற்றாள். பெங்களூரில் இருந்த எங்கள் மகள் வீட்டுக்கு ஒரு கணினி வாங்கி அனுப்பியபோது அதை ஆண்டவள் அவளே. நான் அதன் அருகில் அமர்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

தெருவின் வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்தும் கைமாறியும் வந்த காலம் அது. எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் எங்கே போனார்கள் என்பதை அவள் சொல்ல, நான் எழுதிக்கொள்வதென்று தொடங்கினோம். என் எழுத்து அவள் பேச்சின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. சிறிய ஒலிவாங்கி ஒன்றைச் செருகி, அவளே பேசிப் பதிவு செய்தாள். வீட்டுக்கு ஒரு கோப்பு. பதிந்ததை அவளே நிறுத்தி நிறுத்தி ஓடவிட, நான் கேட்டு எழுதிக்கொண்டேன். தெருவின் கிழக்குக் கோடியில் தொடங்கி மேற்கு நோக்கி நடந்தாள், நாற்காலியில் அமர்ந்தபடியே.

கணினியைப் பூசையறையில் வைத்திருந்தோம். மழைக்காலத்தில் ஒழுகாத அறை அது ஒன்றே. அது தவிர, கல்விக்கருவி இருக்க வேண்டிய இடம் அதுதான் என்பதும் அவள் எண்ணம். நவராத்திரியில் புத்தகங்களை அடுக்கிப் பூசைக்கு வைக்கும் இரண்டு நாளும் கணினியையும் தொடமாட்டாள். அதன் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவாள். வெள்ளிதோறும் சாம்பிராணிக் கரண்டியை வீடெங்கும் காட்டிக்கொண்டு வருபவள், அதன் முன்னும் மும்முறை சுற்றிக் காட்டுவாள். உள்ளே ஓடும் விசிறி அந்தப் புகையை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். சாமி ஏற்றுக்கொண்டுவிட்டது என்பாள். மழைநாளில் தலைமுழுகினால், ஈரக்கூந்தலை விரித்துக்கொண்டு கணினியை ஒட்டித் தரையில் அமர்வாள். பெட்டியின் பின்புறம் வெப்பக்காற்று வரும். வெயில் இல்லாத மாதத்தில் அவளுக்கு அதுவே வெயில்.

கடைசி வீடு ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில், ஒரு காலைப்பொழுதில் மார்பைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் சாய்ந்தாள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது.

கடைசி வீட்டைப் பற்றி அவள் முன்னரே வாய்மொழியாகச் சொன்ன குறிப்பு என்னிடம் இருந்தது. அவ்வீட்டில் அவள் வயதொத்த ஒரு பெண் இருந்தாள், பள்ளித்தோழி. பத்தொன்பது வயதில் ஒருநாள் அவளைக் காணவில்லை. கொல்லைக் கிணற்றின் விளிம்பில் அவளுடைய செருப்பு கிடந்தது. கிணற்றை இறைத்துப் பார்த்தும் உடல் கிடைக்கவில்லை. ஊற்று இழுத்துக்கொண்டது என்றார் தாயார். தெருவும் அவ்வாறே ஏற்றுக்கொண்டது. இவ்வளவும் சொல்லிவிட்டு என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போனாள். அந்தக் கிணற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் எப்போதும் எழுந்து போய்விடுவாள் என்பது எனக்குப் பின்னர்தான் நினைவுக்கு வந்தது. முதலாண்டு நினைவுநாளுக்கு நூலை அச்சிட்டுத் தெருவில் வழங்கினேன். கடைசி வீட்டின் கீழ், ‘இவ்வீட்டு மகள் கிணற்றில் வீழ்ந்து இறந்தாள்’ என்ற வரி இருந்தது.

அதன் பிறகே, அவள் குரலையேனும் கேட்கலாமென்று கணினியை இயக்கினேன். எந்தப் பொத்தானை அழுத்துவது, எதை இருமுறை சொடுக்குவது என்றெல்லாம் அவள் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டியிருந்தாள். அந்தத் தாளுக்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியாது. கோப்புகளின் வரிசையில், நான் அறியாத ஒன்று இறுதியில் இருந்தது. கடைசி வீடு. அவள் இறப்பதற்கு முதல்நாள், நான் வெளியே போயிருந்த நேரத்தில், தனியே பேசிப் பதிந்தது.

“கடைசி ஆத்தைப் பத்தி இன்னிக்குச் சொல்லிடறேன். அவர் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருக்கார். வரதுக்குள்ள முடிச்சுடணும்” என்று தொடங்கியது அவள் குரல். வீட்டின் அமைப்பு, மாமரம், வாசலில் இருந்த கருங்கல் படி, தாயாரின் கைமணம் என்று நெடுநேரம் சொன்னாள். பின்பு சற்றே தாழ்ந்த குரலில், “அந்தாத்துப் பொண்ணு கிணத்துல விழுந்துட்டான்னு எல்லாரும் சொல்லுவா. நானும் அப்படித்தான் சொல்லிண்டு வந்தேன். ஆனா நான்” என்றாள்.

கணினி அணைந்தது. திரை கறுத்தது. மின்சாரம் போயிற்றோ என்று பார்த்தேன். பூசையறை மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் மீண்டும் கேட்டேன். அதே இடம். அடுத்த நாளும் அதே இடம். ஒருநாள் ‘ஆனா’ என்பதோடு நின்றது. ஒருநாள் ‘ஆனா நான் அவளை’ வரை வந்தது. பெருமழை கொட்டிய ஒரு மாலையில் மட்டும் இன்னும் ஒரு சொல் கிடைத்தது. ‘ஆனா நான் அவளைக் கல்லாத்துல.’ அத்தோடு இருள்.

கல்லாறு பொன்முடி மலையடிவாரத்தில் உள்ளது. பாறைகளுக்கு இடையே நீர் விரைந்தோடும் இடம். நான் அவளைக் கல்லாற்றில். அவளை என்ன செய்தாள் என் மனைவி? முப்பதாண்டுகளுக்கு மேல் என்னோடு வாழ்ந்தவள், அந்தக் கிணற்றுப் பேச்சில் மட்டும் ஏன் எழுந்து போனாள்? உடல் கிடைக்காத கிணறு. ஆறு. இவ்விரண்டையும் என் மனம் தானாகவே சேர்த்துப் பார்த்தது. சேர்க்காதே என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பழஞ்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் கண்டவன் நான். சிதைந்த இடத்தை ஊகத்தால் நிரப்பலாகாது என்று மாணவர்க்குச் சொல்லிவந்தவன். என் வீட்டுச் சிதைவை நாள்தோறும் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

பேய்பிசாசில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. ஆயினும் அணைவதற்குச் சற்றுமுன் பெட்டியினுள் ஓர் ஓசை எழும். முதலில் பெருமூச்சு, பின் அது இரைச்சலாகும், நடுவே மெல்லிய ‘டிக், டிக்’. அவள் வளையல் மேசையில் தட்டும் ஓசை அதே அளவில்தான் இருக்கும். சொல்ல விரும்பாதவள் எழுந்து போகிறாள் என்றே எனக்குத் தோன்றியது. அவள் படத்தைக் கணினிப் பெட்டியின்மேல் வைத்தேன். அவளுடைய பட்டுப்புடவை ஒன்றை மடித்துப் பெட்டிமேல் போர்த்தினேன். வெள்ளிதோறும் அவள் செய்ததை நான் நாள்தோறும் மாலையில் செய்தேன்: முதலில் கணினியை இயக்குவேன், அது விழித்தெழும் நேரத்தில் தணலில் சாம்பிராணி தூவி அதன் முன் சுற்றிக் காட்டுவேன், புகை உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகே கோப்பைத் திறப்பேன். “சொல்ல வேண்டாமென்றால் சொல்லாதே” என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு அப்பாலிருந்து, “யாரண்ட பேசறேள் மாமா?” என்றார். வானொலி என்று பொய் சொன்னேன்.

சில மாதங்களில் ஒரு மாறுதல் தெரிந்தது. ‘ஆனா நான்’ வரவில்லை. ‘எல்லாரும் சொல்லுவா’ என்பதோடு நின்றது. பின்னர் மாமரத்தோடு நின்றது. பின்னர் கருங்கல் படியோடு. அவள் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தாள். இப்படியே போனால் ஒருநாள் முதற்சொல்லும் வாராது என்ற அச்சம், அவள் என்ன சொல்வாளோ என்ற அச்சத்தை வென்றது. மகளிடம் தொலைபேசியில் சொன்னேன், ஒலியைப் பற்றி மட்டும். “அப்பா, யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கோ” என்றாள்.

சாலைக் கடைத்தெருவை ஒட்டிய சந்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஒரு பெண்மணி வந்தார். எல்லைப்புறத்துத் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தவர். நாற்பதை நெருங்கிய வயது. பையில் திருப்புளிகளும், வண்ணம் பூசும் தூரிகை ஒன்றும், காற்றூதும் கருவி ஒன்றும் இருந்தன. பூசையறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“சாரே, நான் உள்ள வரலாமா? செருப்பு கழட்டியாச்சு. இருந்தாலும் கேக்கேன்.”

“வாருங்கள் அம்மா. இப்போது இது வேலைசெய்யும் இடம்தான்.”

பெட்டியின்மேல் இருந்த படத்தையும் பட்டுப்புடவையையும் அவர் சற்றுநேரம் பார்த்தார். பின் குனிந்து மோந்தார்.

“இதுக்கு முன்னால யாராவது புகை போடுதியளா?”

“சாம்பிராணி.”

“எப்பம்?”

“நாள்தோறும். இதை இயக்கியவுடனே.”

“பேன் ஓடிட்டிருக்கும்போதா?” என்றார். நான் தலையசைத்தேன். அவர் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கியதும் தெரிந்தது. “எங்க சர்ச்சிலயும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு சாரே. யாரும் அதைக் கும்பிடுததில்ல. அதனாலயோ என்னமோ, நல்லா ஓடுது.”

படத்தை எடுத்து என் கையில் தந்தார். கணினிப் பெட்டியைப் பின்முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், பக்கத் தகட்டைக் கழற்றினார். நான் உள்ளே பார்த்தேன். சாம்பல் நிறத்தில் கம்பளி விரித்தாற்போல் இருந்தது. கம்பிகளின்மேல், பலகையின்மேல், எங்கும். மூளை என்று சொல்லத்தக்க சில்லின்மேல் அமர்ந்த அலுமினிய இதழ்களுக்கு இடையே விரல்நுழைய இடமின்றி அது இறுகியிருந்தது. வெறுந்தூசியன்று, புகையின் பிசினும் பூசை விளக்கின் எண்ணெய் ஆவியும் தூசியைப் பிணைத்து ஒட்டவைத்திருந்தன.

“எறும்புக் கூடு பாத்திருக்கேன், பல்லி பாத்திருக்கேன். கோயிலை இப்பம்தான் பாக்கேன்” என்றார் அவர். “இந்தச் சூடு வெளிய போவதுக்கு வழியே இல்ல சாரே. சூடு ஒரு அளவு தாண்டினா இது தன்னாலே அணைஞ்சிரும். தன்னைக் காப்பாத்திக்கத்தான். மழைநாளு கொஞ்சம் கூடுதல் ஓடியிருக்கணுமே?”

“ஓடிற்று.”

“தூசிப்பொடி கூடக்கூட ஓடுத நேரம் குறையும். அதுக்கு மேல துணி வேற போத்தியிருக்கிய. இன்னும் கொஞ்சநாள் இப்பிடிப் பொசுக்குபொசுக்குன்னு அணைஞ்சா ஹார்ட் டிஸ்க்கே போயிரும். பின்னே உள்ள இருக்கது எதுவும் கிட்டாது.”

படத்தைப் பிடித்தபடி முற்றத்துப் படியில் அமர்ந்தேன். எழுந்து போனவள் அவளல்லள். அவளைக் கேட்கும் பொருட்டு நான் இட்ட புகை அவள் வாயை நாளொரு சொல்லாக அடைத்திருக்கிறது. அவளே தொடங்கிவைத்த வழக்கம். நான் அதை ஏழு மடங்காக்கினேன்.

அவர் தூரிகையால் இதழ்களைத் தட்டினார். விசிறியைக் கழற்றியபோது கை நின்றது. அதன் அச்சில் நீண்ட மயிரிழைகள் இறுகச் சுற்றியிருந்தன. பாதி நரை, பாதி கருமை. அவற்றின் ஒரு நுனி விசிறியின் இறகைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“இதுதான் டிக்டிக்னு தட்டியிருக்கும்” என்றவர், குரலைத் தாழ்த்தி, “அம்மாவோடதா?” என்றார்.

“ஆம்” என்றேன்.

“கழிக்கணுமா, வேண்டாமா? சாரு சொன்னாத்தான் செய்வேன். ஆனா இதை உள்ளயே விட்டுட்டு பேன் ஓடாது.”

அவர் கேட்டது எனக்குள்ளும் எழுந்திருந்த கேள்விதான். அவளுடைய உடலில் இவ்வுலகில் எஞ்சியிருந்தது அவ்வளவே. அது இருக்குமிடத்தில் இருந்தால் குரல் வாராது. அதை எடுத்தால் குரல் வரும். ஆயின் குரல் என்ன சொல்லுமோ. முற்றத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் என்னை விரைவுபடுத்தவில்லை, திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எடுத்துவிடுங்கள்” என்றேன்.

சிறிய கத்தரியால் வெட்டி, செய்தித்தாள் துண்டில் வைத்து என்னிடம் தந்தார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு காற்றூதியை இயக்கினார். பெட்டியிலிருந்து ஒரு மேகம் எழுந்தது. சாம்பிராணி, சந்தனம், தேங்காய் எண்ணெய், ஈரக்கூந்தல். பல ஆண்டுகளின் வெள்ளிக்கிழமைகள் ஒருசேர எழுந்து முற்றத்தைக் கடந்து மதிலுக்கு அப்பால் போயின. அவள் அறையிலிருந்து வெளியே வந்து போவது போலவே இருந்தது. அவரும் கருவியை நிறுத்திவிட்டு மதிலின் பக்கம் பார்த்தார்.

சில்லின்மேல் புதிதாக வெண்பசை தடவி, எல்லாவற்றையும் பூட்டி, கணினியைக் கூடத்து மேசைக்கு மாற்றிவைத்தார். “அரைமணி நேரம் ஓட்டிப் பாக்கணும் சாரே. எதை ஓட்டணும்?” கோப்பைக் காட்டினேன். “இதை இங்கே இழுத்தா நேரே கடைசிக்குப் போயிரலாமே” என்று திரையில் ஒரு கோட்டைச் சுட்டினார். இத்தனை மாதமும் அந்த வழி இருந்திருக்கிறது.

“வேண்டாம் அம்மா. அவள் முதலிலிருந்தே சொல்லட்டும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “நான் வாசல்ல நிக்கேன். நின்னுபோனா கூப்பிடுங்க” என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கருங்கல் படி கடந்தது. மாமரம் கடந்தது. எல்லாரும் சொல்லுவா. பெட்டியில் இரைச்சல் எழவில்லை.

“ஆனா நான் அவளைக் கல்லாத்துல பார்த்தேன். ஆபீஸ்ல எல்லாருமாப் பொன்முடிக்குப் போனோமே, அப்போ. வழியில வண்டியை நிறுத்திச் சாயா குடிச்சோம். கடையில நின்னுண்டிருந்தவ அவதான். என்னைப் பார்த்துட்டு, ‘உனக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைதானே’ன்னா. வேற ஒண்ணும் சொல்லலை. வண்டி கிளம்பறச்சே கையைப் பிடிச்சு ஓரமா அழைச்சுண்டு போனா. ‘அம்மா இருக்கற வரைக்கும் யாரண்டயும் சொல்லாதே. நான் ஒருத்தரோட ஓடிவந்தவன்னு தெரிஞ்சா அவ தெருவுல தலைநிமிர முடியாது. கிணத்துல விழுந்தவளோட அம்மான்னா, நாலு பேர் வந்து பக்கத்துல உக்காருவா’ன்னா. சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அவ அம்மா போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு. இனிமே சொல்லலாம். ஏண்ணா, உங்க புஸ்தகத்துல அவ செத்துட்டான்னு எழுதிடாதேங்கோ. எழுதியிருந்தா அடிச்சுடுங்கோ.”

அதன்பின் பேச்சில்லை. பதிவை நிறுத்த மறந்திருக்கிறாள். அன்றைய விசிறியின் ஓசையும் இன்றைய விசிறியின் ஓசையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. தொலைவில் கதவு திறந்தது. ஓர் ஆண்குரல், “காப்பி இருக்கா?” என்றது. அது என் குரல் என்று உணர்வதற்குள் அவள், “இருக்கு. கையை அலம்பிண்டு வாங்கோ” என்றாள். “யாரோட பேசிண்டிருந்தே?” “ஒண்ணுமில்லை. நாளைக்குச் சாவகாசமா உக்காந்து கேளுங்கோ.” சொடுக்கும் ஓசை. முடிந்தது.

அந்த ‘நாளை’யின் காலையில்தான் அவள் சாய்ந்தாள்.

வாசலில் நின்றவர் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். “அணையல்லியே” என்றார். பின், “சாரு கொஞ்சம் வெள்ளம் குடிங்க” என்று அவரே குவளையில் தண்ணீர் எடுத்துவந்து தந்தார். போகும்போது அக்கோப்பை ஒரு குறுந்தட்டில் படியெடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை பேருந்தேறிக் கல்லாற்றுக்குப் போனேன். கடைகள் இருந்தன, அந்தக் கடை கைமாறியிருந்தது. புதியவர், முன்பிருந்த அம்மாள் தமிழ் பேசுபவர் என்பதையும், கணவர் இறந்தபின் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்பதையும் மட்டும் அறிந்திருந்தார். மகள் வீடு விதுரையில் என்றார் ஒருவர். நெடுமங்காட்டில் என்றார் மற்றொருவர். ஆற்றங்கரைப் பாறையில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். மாதக்கணக்கில் என் மனைவியின் கைகளை அந்நீரில் வைத்துப் பார்த்தவன் நான். அவற்றை அங்கிருந்து எடுத்துவிட்டேன் என்று முழுமையாகச் சொல்ல இயலவில்லை; நீரோசை கேட்கும்போது இப்போதும் அந்தப் பாதி வாக்கியம் வருகிறது.

திரும்பி வந்து, ‘இறந்தாள் என்றது பிழை, பின்னாளில் கல்லாற்றில் வாழ்ந்தார்’ என்று சிறுதாள்கள் அச்சிட்டு, வீடுவீடாகப் போய் நூலில் என் கையாலேயே ஒட்டினேன். சிலர் வியந்தனர். பக்கத்து வீட்டு அம்மாள் நூலைத் தர மறுத்துவிட்டார். “அவளுக்காக நாங்கள்ளாம் எத்தனை அழுதிருக்கோம் மாமா. இப்போ வந்து அது பொய்யிங்கறேளே. என் புஸ்தகத்துல அவ கிணத்துலயே இருக்கட்டும்” என்றார். ஒட்டாத படிகள் எத்தனையோ இருக்கின்றன. அதனால்தான் இதை விரிவாக எழுத நேர்ந்தது.

கணினி இப்போது கூடத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பெண்மணி வந்து திறந்து துடைக்கிறார். உள்ளே வெறுந்தூசிதான் இருக்கிறது, மணமற்ற தூசி. நவராத்திரியில் குங்குமம் மட்டும் இடுகிறேன். செய்தித்தாளில் சுற்றிய அந்தப் பொட்டலம் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதற்குரிய சடங்கு எது என்று நான் படித்த எந்நூலிலும் இல்லை.

இதனைப் படிப்போர்க்கு ஒரு வேண்டுகோள். நான் கேட்டதை எழுதினேன். கேட்டதிலும் நினைவிலும் தவறு இருக்கலாம். கிணற்று விளிம்பில் கிடந்தது செருப்புதானா, அப்பெண்ணுக்கு வயது பத்தொன்பதுதானா, மகள் வீடு விதுரையா நெடுமங்காடா என்று அறிந்தவர்கள் எனக்குத் தெரிவித்துத் திருத்துங்கள். அந்த அம்மாளே எங்கேனும் இருந்து இதைப் படிக்க நேர்ந்தால், அவர் திருத்துவதே இறுதித் திருத்தம்; இறந்தவர் வரிசையில் சேர்த்ததற்கு என்னைப் பொறுத்தருள வேண்டும்.